ஆனைக்கல் கேட்டில் ஏழு மயக்கம்

அத்தியாயம் 4

உறையை ஒட்டியிருந்தது கோந்து இல்லை, சோறு.

சைதூன் பீவி அதை மூன்றாவது முறையாக மூக்கருகே கொண்டுபோனபோது கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உறை அவள் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

“அக்கா, துப்பு கெடச்சிருச்சி போல. மூக்குல தொங்குது,” என்றான் ராமகிருஷ்ணன்.

“நீ சடக்கப் பாத்து ஓட்டு லா. பள்ளம் எல்லாத்தையும் விசாரிச்சிட்டுத்தான் போவணுமா?”

லுக்குட் கடைத்தெருவில் சைதூன் பீவி சாப்பாட்டுக்கடை நடத்தினாள். துப்பறிவது உபதொழில். இருபது வருஷமாக அடுத்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து எடுத்து, தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. யார் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன், யார் எதிர்க்கடையில் சாப்பிட்டுவிட்டு இங்கே பசிக்கிற மாதிரி நடிக்கிறவன், எல்லாம் தெரியும். போர்டிக்சன் நகைத் திருட்டை ஒரு மீன்முள்ளை வைத்து அவள் கண்டுபிடித்ததை முதல் அத்தியாயம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ராமகிருஷ்ணன் அவளுடைய உதவியாளன். வயது இருபத்தெட்டு. பழைய மோரிஸ் டாக்சி ஒன்றும் ஓயாத வாய் ஒன்றும் அவனுக்குச் சொந்தம். இரண்டில் மோரிஸ் மட்டும் அவ்வப்போது நின்றுவிடும்.

“அந்தக் கை எப்பிடி இருந்திச்சி? திரும்பச் சொல்லு.”

“நேத்து ஒரு ஆள எறக்கிவிட ஆனைக்கல் தோட்டத்துக்குப் போனேனா? முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. முக்காடு போட்டிருந்திச்சி, முகம் தெரியல. கம்பிக்கு மேல கைய நீட்டிக் கடுதாசியக் குடுத்திச்சி. கையில வெள்ளிக் காப்பு. கையத் தூக்கினதும் காப்பு சர்ருனு முழங்கை வரைக்கும் ஓடிருச்சி. செரம்பான் ரெயிலு தோத்துப்போவும்.”

கடிதத்தில் கோணல் எழுத்தில் மூன்று வரி. ‘சன்னாசி வேணும்னு விழல. அவரக் கப்பல் ஏத்தப் போறாங்க. காப்பாத்துங்க.’ பெயர் இல்லை.

“பருக்கைய எண்ணிப் போடுற தோட்டம் அது,” என்றாள் பீவி. “அங்க சோத்த எடுத்துக் கடுதாசி ஒட்டியிருக்காங்க. யாருக்கு அவ்வளவு மிச்சம்? மிச்சம் இருக்கிறவங்க கை ஏன் இப்பிடி வத்திக் கெடக்கு?”

“ஒரு நேரத்துக்கு ஒரு சந்தேகம் குடுங்கக்கா. ரெண்டு ஏத்துனா வண்டி இழுக்காது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மலாயாவில் ஐம்பத்தாறாம் வருஷம் அது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக்கூட விடவில்லை. ஆனைக்கல் தோட்டத்தில் பொதுக்குசினி ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரே தடவை சமைப்பார்கள். காலைக்கு ஒரு அகப்பை, மத்தியானத்துக்கு ஒரு அகப்பை, இரண்டும் ஒரே தட்டில் விழும். லயத்து வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்குள் தட்டைத் திருப்பித் தரவேண்டும். மீதம் இருந்தால் அதையும் தரவேண்டும். அது துரை வீட்டு வாத்துகளுக்குப் போகும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை கொண்டுபோகக்கூடாது என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வரிசை நகர்ந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்த வரிசையில்தான் பத்து நாளில் ஆறு பேச்சு மூச்சில்லாத மயக்கம். விழுந்தவர்கள் அத்தனை பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் சன்னாசி மட்டும் மூன்று தடவை.

மோரிஸ் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது மணி ஆறே முக்கால். ஏழாவது மயக்கம் அப்போதுதான் முடிந்திருந்தது.

சிவப்பு மண்ணில் மல்லாந்து கிடந்த சன்னாசி மெல்லக் கண் திறந்தார். அறுபத்தாறு வயது, காக்கிக் காற்சட்டை, இடுப்பில் அகலத் தோல்பட்டி. பக்கத்தில் பால்வாளி உருண்டு கிடந்தது. இருநூறு பேர் வரிசையை மறந்துவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

“பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்? நாலாவது ஆட்டம்!” என்று கூவினார் தோட்டத்துக் கணக்கரான கிராணி இராஜமாணிக்கம். பொத்தான் கழுத்துவரை பூட்டிய வெள்ளைக் கோட்டு, கையில் பெயர்ப் புத்தகம். “இவன் விழுவான். காவல் நிக்கிற ஜாகாக்காரங்க தூக்க ஓடுவாங்க. அந்த நேரத்துல சோறு வெளிய போவுது. இது மயக்கம் இல்ல, நாடகம்.”

இன்ஸ்பெக்டர் ராமசாமி சட்டைப்பையிலிருந்து நாடுகடத்தும் உத்தரவுக் காகிதத்தை எடுத்தார். அதைப் பார்த்ததும் சன்னாசியின் முகம் வெளுத்தது. மயக்கத்தில்கூட அவ்வளவு வெளுக்கவில்லை.

“நாகப்பட்டணத்துக்கா சார்?” என்றார் எழுந்து உட்கார்ந்து. “ரெண்டு வயசுல எங்க ஆத்தா இடுப்புல தூக்கியாந்துச்சி. அங்க எனக்கு யாரு இருக்கா? எந்தப் பக்கம் போவணும்னுகூடத் தெரியாதே.”

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அதனால்தான் கண்ணைத் தாழ்த்தித் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு சைதூன் பீவியைப் பார்த்தார்.

“நகைத் திருட்டுல எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தீங்க. அதுக்காக எட்டரை மணி வரைக்கும் நேரம் தர்றேன். அதுக்கப்புறம் இவர ஜீப்புல ஏத்தித்தான் ஆவணும்.”

“எட்டரையா?” கிராணி தலையில் கைவைத்தார். “வெயில் ஏறினா மரத்துல பால் எறங்காது சார்!”

“அதுக்குத்தான் காலைல ஆள எண்ணாம மரத்த எண்ணணும் கிராணியாரே,” என்றான் ராமகிருஷ்ணன். பீவி அவன் காலை மிதித்தாள்.

அவள் சன்னாசிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நாடி பார்க்கவில்லை, கண்ணை இழுத்துப் பார்க்கவில்லை. இடுப்புப் பட்டியைப் பார்த்தாள்.

“அண்ணே, இந்த ஓட்டை புதுசா?”

“ஆமாம்மா. போன வாரம் பால்வெட்டுக் கத்தியால குத்துனேன். பட்டி புடிக்குது.”

“சரி.” எழுந்து ராமகிருஷ்ணனை ஓரமாக இழுத்தாள். “அந்தக் காப்புக் கைய எனக்குக் கண்டுபிடிச்சிக் குடு. இருநூறு பேர்ல பாதி பொம்பளைங்க.”

“கைய நீட்டுங்கன்னா அறைய மாட்டாங்களா?”

“உன் வாய்க்கு வேல இல்லாமப் போச்சா?”

அவன் அரைக் கணம் யோசித்தான். பிறகு நெற்றியில் விழுந்த முடியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னான்: “கை ரேகை! இன்னைக்கு மட்டும் இலவசம்! அம்பது வயசுக்கு மேல உள்ள தாய்மாருக்கு முதல் மரியாதை!”

ஜாகாக்காரர்களில் ஒருவர் உட்பட முப்பது பேர் கையை நீட்டினார்கள்.

குசினியில் சமையல்காரி மாரியம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சைதூன் பீவிக்கு அடுக்கிய தட்டைக் கண்டால் கோயில் வாசலுக்கு வந்த மாதிரி. அதாவது, அவள் தொழுகைக்குப் பள்ளிவாசல்தான் போவாள், ஆனால் அந்த அமைதி முகத்தில் வந்துவிட்டது.

“யாரு மிச்சம் வைப்பாங்க?”

“எளவட்டங்கதான். பாதியத் தின்னுட்டு வாத்துக்குக் கொட்டிருவாங்க. அஞ்சு மணிக்கு யாருக்கு ரெண்டு அகப்பை எறங்கும்? வாத்தெல்லாம் நடக்க முடியாமக் கெடக்கு. வயசானவங்க தட்டு மட்டும் கண்ணாடி. ஒரு பருக்கை இருக்காது.”

“விழுந்தவங்களும் அப்பிடித்தானா?”

“வள்ளியம்மா, முனியாண்டி, நம்ம சன்னாசியண்ணே, எல்லாரும் தொடச்சித்தான் வைப்பாங்க.” மாரியம்மா குரலைத் தாழ்த்தினாள். “கிராணியாருக்கு சந்தேகம் வேற ஒரு தட்டுமேல. மயிலம்மா தட்டு. அது கொழம்பே வாங்காது. வெறுஞ்சோறு மட்டும் வாங்கிட்டுப் போவும். தட்டு காஞ்சாப்ல திரும்பி வரும். கொழம்பு ஊத்துன சோத்தக் கடத்த முடியாதாம், அதனாலதான் வாங்கலயாம். அப்பிடிச் சொல்றாரு.”

“கெட்டிக்காரருதான்,” என்றாள் பீவி நிஜமாகவே. “கொழம்பு மிஞ்சுமா அப்ப?”

“எங்க மிஞ்சும்? சன்னாசியண்ணே ரெண்டு ஆள் கொழம்பு கேட்டு வாங்கிப்பாரே.”

பீவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஒரு வீட்டுக்குக் குழம்பில்லாத சோறு போகிறது. இன்னொரு வீட்டுக்குச் சோற்றைவிட அதிகக் குழம்பு போகிறது. அவள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கடைசியா ஒண்ணு மாரியம்மா. இந்தப் பத்து நாள்ல சோறு கொறஞ்ச நாளு உண்டா?”

“புதன்கெழம. அன்னைக்கி அரிசி லோரி வரல. ஆளுக்கு அர அகப்பைதான் போட்டேன். எல்லாரும் என்னத் திட்டிக்கிட்டே போனாங்க. ஒருத்தரும் விழல.”

வெளியே ராமகிருஷ்ணன் காத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு பெரிய ஜோசியரின் களைப்பு.

“கெடச்சிருச்சிக்கா. பேரு மயிலம்மாள். சன்னாசி அண்ணனுக்கு அடுத்த வீடு, நடுவுல ஒரு பலகைச் சுவரு. புருஷன் போயி எட்டு வருஷம். வரிசையிலயும் அவருக்குப் பின்னாடிதான் நிக்கும். ஆயுள் ரேகை பிரமாதம். ஆனா ரேகைக்குக் கீழ கையே இல்ல, எலும்புதான் இருக்கு. கடுதாசியப் பத்திக் கேட்டேன். வாயத் தொறக்கல.”

“தொறக்காது. தொறக்கிற விஷயம் இல்ல அது,” என்றாள் பீவி. “வா. முதல்ல மயக்கத்த முடிப்போம்.”

கிராணி இராஜமாணிக்கம் கேட்டருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீவி நேராக அவரிடம் போனாள்.

“கிராணியாரே, உங்களுக்கு வயசு என்னா?”

“அறுபத்திரெண்டு. எதுக்கு?”

“இன்னைக்கு வேலைக்கு வராத மூணு பேரு பங்கு குசினில சுடச்சுட இருக்கு. ஒரு பங்க நீங்க முழுசாச் சாப்புட்டு, அந்த வரிசையில ஆடாம அசையாம நின்னு காட்டுங்க. எட்டரை வரைக்கும் விழாம நின்னீங்கன்னா, சன்னாசி அண்ணே நடிக்கிறார்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

ராமகிருஷ்ணனின் வாய் அன்றைக்கு முதல் தடவையாக மூடிக்கொண்டது. ஒரு மனுஷனைக் கப்பல் ஏற்றுகிற விஷயத்தில் இப்படிப் பந்தயம் கட்டலாமா? சன்னாசி தரையில் உட்கார்ந்தபடி பீவியையே பார்த்தார்.

கிராணி விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தாம்மா, கல்யாண வீட்டுல மூணாம் பந்தி முடிஞ்சி நாலாம் பந்திக்கி எடம் போட்டவன் நான். ரெண்டு அகப்பை எனக்குக் கொட்டாவி விடக் காணாது.”

அவர் சாப்பிட்ட அழகைப் பார்க்க இன்ஸ்பெக்டரும் குசினி வாசலுக்கு வந்தார். மலையாய்க் குவித்த சோறு, பருப்புக் குழம்பு, கருவாட்டுத் துண்டு. பீவி பக்கத்திலேயே நின்று மூன்று கரண்டி சீனி போட்ட சூடான கோப்பியை நீட்டினாள். இரண்டாவது பங்கை ராமகிருஷ்ணனுக்கு வைத்தாள்.

“நான் எதுக்குக்கா?”

“நீ எளவட்டம். நீ விழாம இருந்தாத்தான் என் கணக்கு சரி.”

“முதல் தடவையா என் தெறமைக்கு ஏத்த வேல குடுக்கிறீங்க.”

ஏழரைக்குள் இருவரும் வரிசையில் நின்றார்கள். வெயில் ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறி நேராகக் கேட்டில் அடித்தது. கிராணி கோட்டின் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தார். சோம்பேறித்தனம் பற்றிப் பத்து நிமிஷம், தன் இளமைக்காலம் பற்றிப் பதினைந்து நிமிஷம். ராமகிருஷ்ணன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டி, நடுவில் இரண்டு ஏப்பம் விட்டான்.

எட்டு மணி. ஒன்றும் ஆகவில்லை. சன்னாசி கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் முக்காடு போட்ட ஒரு மெலிந்த உருவம் மெதுவாக முன்னால் நகர்ந்தது. பீவி நகத்தைக் கடித்தாள். அதை அவள் கடையில் யாரும் பார்த்ததில்லை.

எட்டேகால்.

“ஆகையினால, இந்த மாதிரி நாடகம் ஆடுறவங்கள…” கிராணி நிறுத்தினார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. “இந்த நாட… நாட…”

கண் மேலே சொருகியது. வெள்ளைக் கோட்டு அப்படியே ராமகிருஷ்ணன்மேல் சாய்ந்தது.

“அக்கா! நாடகம் நல்லாருக்கு! நடிகருதான் ரொம்பக் கனக்குறாரு!”

“படுக்க வையி! காலத் தூக்கிப் புடி, பொத்தானக் கழட்டு!”

இருநூறு பேரும் ஒரே குரலில் ‘ஓ’ என்றார்கள். இரண்டு நிமிஷத்தில் கிராணி கண் திறந்தார். திறந்ததும் அவர் பார்த்தது இன்ஸ்பெக்டரின் முகத்தை.

“இராஜமாணிக்கம், நீங்க எந்தக் காட்டுக்குச் சோறு அனுப்புறீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கிராணி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை அது நிச்சயமாக நாடகம்தான்.

“என் கடையில கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு முக்காலி கெடக்கும் சார்,” என்றாள் பீவி. “வயசானவங்க வயிறு நெறையச் சாப்புட்டா பத்து நிமிஷம் அதுல உக்காந்துட்டுத்தான் எழுந்திரிக்கணும். எத்தன பேரு என் தூணக் கட்டிப் புடிச்சி நின்னிருக்காங்க தெரியுமா? இந்த லயத்துல ஒரே தண்ணிக் கொழாதான். கீழ்வீட்டுல தொறந்து விட்டா மேல்வீட்டுக்கு வராது. ரத்தமும் அப்பிடித்தான். ரெண்டு வேளச் சோறு ஒண்ணா உள்ள போனா வயிறு அவ்வளவையும் இழுத்துக்குது. மேல தலைக்கு ஏத்தணும்னா எளவட்டத்துக்குப் பம்பு வேகமா அடிக்கும். வயசானவங்களுக்கு அடிக்காது. நடந்தாலாவது தப்பிச்சிருவாங்க. நீங்க அசையாம நிக்க வைக்கிறீங்க.”

“பட்டினியால விழுறாங்கன்னுதானே எல்லாரும்…”

“பட்டினியா இருந்தா புதன்கெழம அத்தன பேரும் விழுந்திருக்கணும். அன்னைக்கித்தான் அர வயித்துச் சோறு. அன்னைக்கி ஒருத்தரும் விழல.”

இன்ஸ்பெக்டர் சன்னாசி பக்கம் திரும்பினார். “அதுக்கு ஏன்யா மத்தியானச் சோத்தையும் சேத்துத் தின்னீரு? மத்தவங்க மாதிரி திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?”

சன்னாசி அவரை வினோதமாகப் பார்த்தார். “நான் ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரெயில் ரோட்டுக்குப் போயித் திரும்புனவன் சார். எங்கூட லோரியில ஏறுனது நாப்பது பேரு. உசுரோட திரும்பி வந்து எறங்குனது ஆறு. சோத்த வாத்துக்குக் கொட்டச் சொல்றீங்களே, எப்பிடிக் கொட்டுறது?”

கூட்டத்தில் வயதானவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்குத் தோலைத் தின்று பிழைத்தவர்கள் அவர்கள். இளவட்டங்கள் தங்கள் காலடியைப் பார்த்தார்கள்.

“மயக்கம் நெசம். ஒத்துக்கிறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். காகிதத்தை மடித்தார். கூட்டம் மூச்சு விட்டது. ஆனால் அவர் அதைப் பைக்குள் வைக்கவில்லை. “ஆனா சோறு எங்க போச்சி? மயிலம்மாள் தெனம் ரெண்டு அகப்பை வாங்குது. திருப்பியும் தர்றதில்ல, தின்ன மாதிரியும் தெரியல. ஆளப் பாருங்க, காத்தடிச்சாப் பறந்துரும். அப்ப அந்தச் சோறு வேலியத் தாண்டித்தான் போயிருக்கணும். சன்னாசி வேலைக்குப் போவலாம். அந்தம்மா ஜீப்புல ஏறட்டும்.”

மயிலம்மாள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அறுபது வயது முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அது ஜீப்பைப் பார்த்து வந்த பயம் இல்லை என்று பீவிக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தால் தப்பிக்கலாம். திறந்தால் இருநூறு பேர் கேட்பார்கள். அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள்.

“அக்கா, சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் தெரியுமே,” என்று முணுமுணுத்தான் ராமகிருஷ்ணன்.

“நான் சொல்லக்கூடாதுடா. அது அவங்க பொருளு.”

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சன்னாசி எழுந்து ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார்.

“நான்தான் சார்! அந்தச் சோத்தக் காட்டுக்குக் கொண்டு போனது நான்தான். அது ஒண்ணும் அறியாது. என்ன ஏத்துங்க.”

“சன்னாசி! என்ன பேசுறோம்னு தெரிஞ்சிதான் பேசுறீரா? இதுக்குத் தூக்கு!”

“தெரியும் சார். ஏத்துங்க.”

“பொய்யி!”

அந்தக் கத்தலில் குசினிப் பக்கம் வாத்துகள் படபடத்தன. மயிலம்மாளின் முக்காடு தோளில் கிடந்தது.

“பச்சப் பொய்யி! இந்த ஆளு காட்டுக்கு எங்க கொண்டு போனாரு? எல்லாத்தையும் தின்னாரு! நான்தான் குடுத்தேன். பலகைச் சுவத்துல ஒரு பலகைய ஆட்டிவிட்டு, அது வழியாத் தெனம் மங்குல வச்சிக் குடுத்தேன். கொழம்பு ஊத்துனா சிந்தும்னு வெறுஞ்சோறு வாங்குனேன். போதுமா? எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?”

இருநூறு பேரும் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள்.

சன்னாசிக்கு வாய் பிளந்தது. “குசினில வயசான ஆம்பளைங்களுக்குக் கொசுறு போடுறாங்கன்னு சொன்னியே?”

“எஞ்சோறுன்னு சொல்லியிருந்தா தின்னிருப்பீங்களா? மொத தடவ விழுந்தீங்க. பசி மயக்கம்னு நெனச்சேன். நெஞ்சு கேக்கல. என் பங்கையும் குடுத்தேன். மறுபடியும் விழுந்தீங்க. இன்னும் பத்தலன்னு எனக்குன்னு வச்சிருந்த ஒரு பிடியிலயும் பாதிய அனுப்புனேன்…”

அவளே நிறுத்திவிட்டாள். தான் சொன்னதன் அர்த்தம் மெல்ல அவளுக்கே ஏறியது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக் காப்பு முழங்கைக்கு ஓடியது.

“ஆமாக்கா,” என்றாள் பீவி மென்மையாக. “அவரு நாலு தடவ விழுந்தாரு. மொத தடவ தானா. மத்த மூணு தடவ ரெண்டு ஆள் சோத்தக் குடுத்து நீங்க தள்ளி விட்டது.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மயிலம்மாளும் அழுதுகொண்டே சிரித்தாள். பீவி இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பட்டினிக்காரன் பட்டியை உள்ளே இழுத்துக் கட்டுவான். சன்னாசி வெளியே தள்ளிப் புது ஓட்டை போட்டிருக்கிறார். மயிலம்மாள் வாங்காத குழம்பை சன்னாசி வாங்கியிருக்கிறார். இன்னும் சந்தேகமென்றால் லயத்துப் பலகையைப் போய்ப் பார்க்கலாம்.

இன்ஸ்பெக்டர் தானே போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். விரல்நுனியில் காய்ந்த பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது.

“ஆடுற பலகைதான்,” என்றார். காகிதத்தை நாலாகக் கிழித்துக் கிராணியின் கையில் கொடுத்தார். “நாளையிலேருந்து மத்தியானச் சோறு போலீஸ் காவலோட பால் வெட்டுற வெளிக்காட்டுக்கே வரும். காலைல ஒரு அகப்பை போதும். கேட்டுல ஒரு பெஞ்சு போடுங்க. மொத ஆளா நீங்க உக்காந்து சரி பாருங்க.”

பீவி பையிலிருந்து அந்த உறையை எடுத்தாள். நாலு பருக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளில் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பிடியிலிருந்து இதையும் எடுத்து அந்த மனுஷனுக்காக ஒட்டியிருக்கிறாள் மயிலம்மாள். பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யாரும் பார்ப்பதற்குள் உறையை மறுபடி பைக்குள் வைத்தாள்.

“அக்கா, அழுறீங்களா?”

“சாப்புட்டவன் பேசாத. உக்காரு.”

மூன்றாவது பங்கு குசினியில் அப்படியே இருந்தது. மாரியம்மா அதில் குழம்பை நிறைய ஊற்றிக் கொண்டுவந்தாள். மயிலம்மாள் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, முதலில் வெட்கத்தோடும் பிறகு வெட்கமே இல்லாமலும் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஆட்கள் வாளியும் கத்தியுமாக ஓடி வரிசை பிடித்தார்கள். அவளும் தட்டைக் கொடுத்துவிட்டு அவசரமாகத் தன் இடத்துக்கு, சன்னாசிக்குப் பின்னால், வந்து நின்றாள்.

சன்னாசி திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பால்வாளியை மண்ணில் கவிழ்த்து வைத்தார்.

“உக்காரு.”

“வரிசை போயிரும்.”

“போவட்டும். வயிறு நெறையத் தின்னுட்டு நிக்கக்கூடாது. கேட்டல்ல? உக்காரு புள்ள.”

அறுபது வயதில் அப்படி ஒருவர் கூப்பிடுவார் என்று மயிலம்மாள் நினைத்திருக்கவில்லை. அவள் வாளிமேல் உட்கார்ந்தாள். சன்னாசி இடுப்புப் பட்டியை இழுத்துப் பழைய ஓட்டையில் மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வரிசை அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போனது.